பெண்கள் பக்கத்து வாசலில் நான் இருந்தேன்

எங்கள் தியேட்டர் தொழிலாளர் சங்கத்தில் ஒரு மலர் போடுகிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு கட்டுரை தர வேண்டும் என்று செயலாளர் தம்பி வீடு தேடி வந்தான். நல்ல பையன்தான். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மலருக்கு முன்னுரை எழுதி முடித்தாயிற்று என்று வாசித்துக் காட்டினான். “டூரிங் கொட்டகைக் காலத்தில் இத்தொழிலில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள். நிரந்தரத் தியேட்டர்கள் வந்த பிறகே பெண்களுக்குத் துப்புரவுப் பணி கிடைத்தது” என்று அதில் ஒரு வரி வந்தது.

“ஏலே, நிறுத்து” என்றேன். “ஆம்பளைக மட்டும்னு யாரு சொன்னா ஒனக்கு?”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க பெரியம்மா.”

எல்லாரும் என்றால் யார்? என்னோடு ஒரே கொட்டகையில் வேலை பார்த்து, நான் கொண்டுபோன கருவாட்டுக் குழம்பில் கை நனைத்தவர்களும் அந்த எல்லாரிலும் உண்டு. ராமநாதபுரத்துத் தியேட்டரில் துடைப்பத்தோடு ஓய்வு பெற்றவள் நான். அதனால் துடைப்பத்தோடேதான் தொழிலுக்குள் நுழைந்தேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வயிறு எரிகிறது.

“கோவப்படாதீங்க பெரியம்மா. எந்த நடிகரையாவது பாத்திருந்தா அதை எழுதுங்க, படிக்கிறவங்களுக்கு ருசியா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனான். நான் எந்த நடிகரையும் பார்த்ததில்லை. எங்கள் கொட்டகையில் ஓடிய படங்களையே ஒழுங்காகப் பார்த்ததில்லை. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனங்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. அதைத்தான் எழுதப் போகிறேன். ருசி இல்லாவிட்டால் போகட்டும்.

சுதந்திரம் வந்து சில வருஷங்களில் ராமேஸ்வரம் ரயில் பாதை நெடுகக் கொட்டகைகள் முளைத்தன. ஓர் ஊரில் லைசென்ஸ் முடிந்தால் ஓலையைப் பிரித்து அடுத்த ஊரில் வேய்வார்கள். ஒரு கொட்டகை வந்து இறங்கினால் படம் ஓட்டும் ஆபரேட்டர், ஆயில் எஞ்சின் பார்ப்பவர், டிக்கெட் கிழிப்பவர், மாட்டு வண்டியில் தட்டி கட்டி நோட்டீஸ் போடுகிறவர், கூரை வேய்கிறவர், முறுக்கு விற்கிறவர் என்று ஒரு கூட்டத்துக்கே பிழைப்பு. அதே கொட்டகைதான் நாடகக்காரர்கள் பிழைப்பில் மண்ணையும் போட்டது. எங்கள் ஆண்கள் பக்கத்து வாசலில் நின்ற முத்தையா அண்ணன் ஊர் ஊராக ராஜா வேஷம் கட்டியவர். தோள் வரைக்கும் முடி வைத்திருப்பார். “வரிசையில் வா” என்பதையே வசனம் மாதிரிதான் சொல்வார். அவரோடு ராணி வேஷம் கட்டியவள் என்ன ஆனாள் என்று ஒருநாள் கேட்டேன். “தெரியல தங்கச்சி” என்றார். ராஜாவுக்கு டிக்கெட் கிழிக்கிற வேலையாவது கிடைத்தது. ராணி என்ன ஆனாள் என்று யாருக்குமே தெரியவில்லை.

என் பெயர் லூர்தம்மாள். உச்சிப்புளியிலிருந்து கடலைப் பார்த்து நடந்தால் வருகிற, கிறிஸ்தவர்கள் குடியிருக்கிற வேதக்காரர் தெருதான் என் ஊர். மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் படித்தேன். என் வீட்டுக்காரர் அந்தோணி சங்கு குளிக்கப் போனவர். ஒரு சீசனில் ஆழத்தில் இரண்டு காதும் உடைந்து ரத்தம் வந்தது. அதோடு குளிப்பு போயிற்று, காதும் மந்தமாயிற்று. வீட்டில் உட்கார்ந்து வலை முடிவார். நான் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கெல்லாம் நடந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உச்சிப்புளியில் கொட்டகை போட்டார்கள். ஆண்கள் கூட்டம் முதல் நாளே வந்துவிட்டது. பெண்கள் வரவில்லை. வாசலில் ஆண்பிள்ளை நின்று டிக்கெட் கிழித்தால் புதுமடத்து முஸ்லிம் வீட்டுப் பெண்கள் வண்டியை விட்டே இறங்க மாட்டார்கள். உள்நாட்டுப் பண்ணை வீட்டுப் பெண்களும் அப்படித்தான். பாதிக் கொட்டகை காலியாகக் கிடந்தது. பெண்பிள்ளை ஒருத்தி வாசலில் வேண்டும், ஆனால் எந்த வீட்டில் அனுப்புவார்கள்? எல்லா ஊர் வாசலிலும் மீன் கூடையோடு நின்று பழகியவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

“சினிமாக் கொட்டகைக்குப் போறான்னு தெருவுல என்னென்னமோ பேசுவாக” என்று என் வீட்டுக்காரர் காதருகில் கத்திச் சொன்னேன்.

“பேசட்டும்” என்றார். “எனக்குத்தான் காது கேக்காதுல்ல. நீ போயிட்டு வா.”

இப்படித்தான் நான் போனேன். துடைப்பத்தோடு இல்லை. டிக்கெட் கிழிக்கப் போனேன்.

என் வேலை என்னவென்று எழுதுகிறேன், செயலாளர் தம்பி கவனமாகப் படிக்கட்டும். பெண்கள் பக்கம் என்பது கொட்டகையின் இடது பாதி. நடுவில் இடுப்பு உயரத்துக்கு மண் சுவர், மற்ற மூன்று பக்கமும் ஓலைத் தட்டி, திரைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வாசல். அந்த வாசலில் ஒரு மூங்கில் படல். சாயங்காலம் போனதும் முதல் வேலை, சிவப்பு வாளிகளைப் பார்ப்பது. தீயணைக்கத் தொங்கும் வாளிகள் அவை. ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மணல் இருக்க வேண்டும். முறுக்குக் கடைக்காரன் தண்ணீர் வாளியில் கை கழுவி வைத்திருப்பான், அவனோடு ஒரு சண்டை. பிறகு தரை மணலைக் கிளறிக் கண்ணாடித் துண்டு, முள் பொறுக்குவேன். பெண்கள் வரத் தொடங்கியதும் டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைக் கம்பியில் கோப்பேன். வெற்றிலைப் பெட்டிக்குள் தீப்பெட்டி இருந்தால் வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டு, படம் விட்ட பிறகு திருப்பிக் கொடுப்பேன். கைக்குழந்தைக்காரிகள் வரிசையாக நிற்கிற கம்பங்களில் சேலையைக் கட்டித் தூளி போட்டுக்கொள்வார்கள். அதற்கு நான் ஒன்றும் சொல்வதில்லை.

ஒன்றே ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பின்னாலிருந்து வாசல் வரைக்கும் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு வழி விட்டுத்தான் உட்கார வேண்டும். மணல்தரைதானே, வழியில் கால் நீட்டி உட்கார்ந்தால் என்ன என்று தினமும் ஒருத்தியாவது மல்லுக்கு வருவாள். புதுமடத்து ஆமினா லாத்தா எனக்கு ‘தாரோகா’ என்று, அதாவது போலீஸ் அதிகாரி என்று, பட்டப்பெயரே வைத்திருந்தாள். “தாரோகா வாரா, காலை மடக்குங்கடி” என்று அவளே சொல்லிவிட்டு அவளே காலை நீட்டுவாள். ஒரே புரொஜெக்டர், ஒவ்வொரு ரீல் மாற்றும்போதும் விளக்குப் போடுவார்கள். அப்போதெல்லாம் எழுந்து போய் அந்த வழியைச் சரிபார்ப்பேன். படம் முடியும்வரை படலுக்குப் பக்கத்தில் ஒரு கள்ளிப் பெட்டியில் உட்கார்ந்திருப்பேன்.

மானேஜர் வைரவன் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதலாளி மதுரையில் இருந்தார், எங்களுக்கு முதலாளி இவர்தான். மெலிந்த ஆள். சலவை வேட்டி, நெற்றியில் கீற்றுச் சந்தனம். வாசலில் கான்வாஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். குரலை உயர்த்திப் பேசி அந்தக் கடைசி நாள் வரைக்கும் நான் கேட்டதில்லை. அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு, யாரையும் எதையும் செய் என்று சொல்ல மாட்டார். “ஒரு டீ இருந்தா நல்லாருக்கும்” என்பார், டீ வரும். “அந்தக் கம்பம் சாஞ்ச மாதிரி இருக்கு” என்பார், ஆள் ஓடும். கூட்டம் அதிகமாக இருக்கிற நாளில் லைசென்ஸில் சொன்னதற்கு மேலேயும் டிக்கெட் கொடுக்க வேண்டும் என்றால், “பாவம், தூரத்துலருந்து வந்திருக்காக” என்பார். அவ்வளவுதான். இவ்வளவு மரியாதையான மனிதர் கிடைத்தாரே என்று நான்கூட ஆரம்பத்தில் நினைத்தேன். அந்த மரியாதை எதற்கு என்று பிறகுதான் புரிந்தது.

ஒரு சித்திரையில் ஓர் அம்மன் படம் வந்தது. உள்நாட்டு ஊர்களிலிருந்து வண்டி வண்டியாகப் பெண்கள் வந்தார்கள். அம்மன் திரையில் வந்ததும் குலவை போடுவார்கள். சிலர் சாமி ஆடுவார்கள். சிலர் காசை முடிந்து திரைக்கு முன்னால் போடுவார்கள். இரண்டாம் நாள் மானேஜர் என் பெட்டிக்கு அருகில் வந்து நின்று கண்ணாடியைத் துடைத்தார்.

“கூட்டம் பக்தியா இருக்கு லூர்தம்மா. திரைக்கு முன்னால ஒரு தட்டுல சூடம் காட்டுனா நல்லாருக்கும்.”

“ஓலைக் கொட்டகைங்க. தீப்பெட்டியையே நான் புடுங்கி வச்சுக்கிறேன்.”

“மணல்லதான வைக்கிறது? பொம்பளை கையால காட்டுனா இன்னும் விசேஷம்.”

“நான் வேதக்காரி. என்னால ஆகாதுங்க.”

“ஒங்களை யாரு சொன்னா?” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் திரைக்கு முன்னால் மணலில் ஒரு பித்தளைத் தட்டும் சூடமும் தீப்பெட்டியும் இருந்தன. யார் வைத்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

அதை எடுத்துக் காட்ட ஆளா இல்லை? செல்லத்தாயி என்று ஒரு பெண், கடலாடிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். கண்மாய்க்கரை ஊரில் பெரிய பண்ணை வீடு. கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கொட்டகைக்கு வருவாள். நான் அவள் வீட்டுக்கு மீன் கொடுத்தவள், அதனால் என்னிடம் உரிமையாகப் பேசுவாள். பிள்ளை இல்லை என்று மாமியார் வாயிலும் ஊர் வாயிலும் விழுந்துகொண்டிருந்தவள்.

“வேணாம் தாயி” என்று கையைப் பிடித்தேன்.

“ஏ லூர்து, கோயில்ல பூசாரி தட்டைத் தொடவிடுவாரா என்னை? இங்கன நானே காட்டுறேன்டி, விடு.”

என்ன சொல்வேன்? கையை விட்டேன். அன்றிலிருந்து தினமும் அவள்தான் காட்டினாள். கூட்டம் இன்னும் ஏறியது. மானேஜர் வாசலில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக அடித்தது. சாயங்காலத்திலிருந்தே கூரை ஓலை படபடத்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டம். கதைப்படி அம்மன் அக்கினிக்கு நடுவில் எழுந்து வருகிற கட்டம். நான் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததால், அந்தக் கட்டம் வந்ததை எதிரிலிருந்த முகங்களில்தான் பார்த்தேன். குலவை கிளம்பியது. செல்லத்தாயி எழுந்து போய்த் தட்டைத் தூக்கினாள். எப்போதும் இடுப்பு உயரத்தில் காட்டுகிறவள், அன்றைக்குப் பரவசத்தில் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள். காற்று திரைத் துணியின் கீழ் ஜாலரை வாரி அவள் தட்டின் மேலே போட்டது.

எதிரே இருந்த முகங்களில் வெளிச்சம் கூடியதைப் பார்த்துத்தான் திரும்பினேன். ஜாலர் பிடித்துத் தீ திரையில் ஏறிக்கொண்டிருந்தது. படத்துத் தீயும் நிசத் தீயும் சேர்ந்து எரிய, நடுவில் அம்மன் சிரிக்கிறாள். “தீ! எந்திரிங்க! வெளிய வாங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தி எழுந்திருக்கவில்லை. “ஆத்தா வந்துட்டா! ஆத்தா நேரா வந்துட்டா!” என்று கையைத் தலைக்கு மேலே கூப்பினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் மணலில் விழுந்து கும்பிட்டார்கள். எழுப்பப் போன என் கையை ஒரு கிழவி தட்டிவிட்டாள். “சும்மா கெட. வேதக்காரிக்கு என்ன தெரியும்?”

கூரை ஓலைக்கும் தீக்கும் இடையில் ஒரு முழம்தான் இருந்தது. இவர்களிடம் பேசிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துவிட்டது. பக்கத்துத் தூளியிலிருந்து ஒரு பிள்ளையை உருவினேன். அடுத்த தூளியிலிருந்து இன்னொன்று. இரண்டையும் இரண்டு இடுப்பிலும் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினேன்.

“ஏ! எம்பிள்ளையைத் தூக்கிட்டு ஓடுறா!”

சாமியை மறந்து இரண்டு தாய்மார் எழுந்தார்கள். அவர்கள் எழுந்து ஓடவும் கூட வந்தவர்கள் எழுந்தார்கள். பிள்ளைகளை வெளியில் போட்டுவிட்டு உள்ளே ஓடி அடுத்த தூளியில் கை வைத்தேன். அதற்குள் மற்றத் தாய்மாரும் அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள். என்னைத் திட்டிக்கொண்டே, என் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே, நான் தினமும் சண்டை போட்டு வைத்திருந்த அந்த வழியில் மொத்தப் பேரும் வெளியே வந்தார்கள். கடைசி ஆள் வெளியே வந்த பிறகுதான் கூரை பிடித்தது. முத்தையா அண்ணன் மணல் வாளிகளை வீசி ஆண்கள் பக்கத்தைக் காப்பாற்றினார். பாதிக் கொட்டகை போயிற்று. ஓர் உயிர் போகவில்லை.

செல்லத்தாயியை அவள் வண்டியில் பார்த்தேன். வலது உள்ளங்கை கொப்பளித்து வீங்கியிருந்தது. அதை முந்தானைக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டிருந்தாள். “வீட்டுல அடுப்புல பட்டுச்சுன்னு சொல்லிக்கிறேன்” என்றாள். வண்டி போய்விட்டது.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். மானேஜரின் கான்வாஸ் நாற்காலியை அவருக்குப் போட்டார்கள். எங்களை வரிசையாக நிறுத்திக் கேட்டார்.

“மானேஜர் சூடம் காட்டச் சொன்னாரா?”

ஆபரேட்டர் தரையைப் பார்த்தார். “சொல்லல சார்.”

முத்தையா அண்ணனிடம் கேட்டார். அவர் என்னை ஒருதரம் பார்த்தார். “சொல்லலைங்க” என்றார்.

பொய்யில்லை. மானேஜர் செய் என்று சொல்லவில்லைதான். இதற்குத்தான் அந்த மரியாதை. ஊரையே கொளுத்தியிருப்பார், ஆனாலும் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருக்காது. வேலைக்காரன் தானாகக் கேட்டுத் தானாகச் செய்து தானாக மாட்டிக்கொள்ள வேண்டும். முத்தையா அண்ணன் மேலும் எனக்குக் கோபம்தான். நாடகமும் போய், இதுவும் போனால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை, தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை.

“பெண்கள் பக்கத்துக்கு யாரு பொறுப்பு?”

“லூர்தம்மா” என்றார் மானேஜர், ரொம்ப வருத்தமாக. “அந்தப் பக்கத்துக்கு ஆம்பளைக நாங்க யாரும் போறதில்லைங்க.”

நான் முன்னால் போய் நின்றேன். “அய்யா, நான் வேதக்காரி. அம்மனுக்கு நான் ஏன் சூடம் காட்டப் போறேன்? என் கையைப் பாருங்க, ஒரு கொப்புளம் இருக்கா?”

அவர் என் கையைப் பார்க்கவில்லை. “சினிமாவுல வேலை பாக்குற பொம்பளைக்கு என்னம்மா வேதம்?” என்றார்.

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். யார் என்று இப்போதும் சொல்ல முடியும்.

செல்லத்தாயி பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அந்த வீட்டில் அவளை என்ன செய்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கோயிலென்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு வந்தாள், ஊர் முன்னால் தட்டைத் தூக்கினாள், கொட்டகையையே கொளுத்தினாள் என்று, பிள்ளையில்லாதவளைத் தள்ளிவிட இதைவிடச் சாக்கு வேண்டுமா? நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு பெண் வீட்டை இழக்க வேண்டும் அல்லது ஒரு பெண் வேலையை இழக்க வேண்டும். தட்டை வாங்கிவைத்தவன் எதையும் இழக்க வேண்டியதில்லை. இது என்ன நியாயம் என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாசற்காரி சூடம் கொளுத்தியதால் தீ என்று முடிவானது. என்னை நிறுத்தினார்கள். எங்கள் கம்பெனிக்கு மற்ற ஊர்களில் இருந்த கொட்டகைகளிலும் வாசலில் பெண்களை வைத்திருந்தார்கள். அவர்களையும் சேர்த்தே நிறுத்தினார்கள். பொம்பளைகளை வைத்தால் இப்படித்தான் என்று பேச்சு. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது யார் என்று அந்தப் பேச்சில் வரவில்லை.

அதோடு விட்டதா? எங்கள் தெருவில் உபதேசியார் வந்து வாசலில் நின்றார். அம்மனுக்குச் சூடம் காட்டியவளுக்கு மாதா கோயிலில் நன்மை கிடையாது, நற்கருணை வாங்க வரக் கூடாது என்றார். நான் காட்டவில்லை என்று சேசுவின் மேல் ஆணையாகச் சொன்னேன். சர்க்காரே சொல்லிவிட்டதே என்றார். அந்தப் பக்கம் வேதக்காரி என்று தட்டிவிட்டார்கள், இந்தப் பக்கம் அம்மன்காரி என்று தள்ளிவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு உபதேசியார் பேசியது காதில் விழவில்லை. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, முடிந்துகொண்டிருந்த வலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவந்து அவரைத் தெருமுனை வரைக்கும் விரட்டினார்.

நான் மறுபடியும் மீன் கூடையைத் தூக்கினேன். அந்த வேலை எனக்கு வேண்டும் என்று மனசு கிடந்து அடித்தது. கூலிக்காக மட்டும் இல்லை. ஒரு வாசலில் நான் சொன்னபடி நடந்தது, என் வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன். செய்ததற்குத்தான் என்னைத் துரத்தினார்கள்.

கொட்டகையைத் திரும்பவும் வேய்ந்து ஒரு குடும்பப் படம் போட்டார்கள். தீ பிடிக்கக் கூடாதென்று அதிகாரி உத்தரவு. அதனால் பெண்கள் பக்கத்துக்கு ஓலைத் தட்டிக்குப் பதில் தகரம் அடித்திருந்தார்கள், நடுச் சுவர் மேலேயும் ஆள் உயரத்துக்குத் தகரம். படல் இருந்த இடத்தில் தகரக் கதவு. வாசலில் மானேஜரின் அக்கா மகன் பரமன் நின்றான். வாட்டசாட்டமான ஆள். அன்றைக்கு முதல் ஆட்டத்துக்கு நான் போய் ரோட்டோரத்தில் நின்றேன். ஏன் போனேன் என்று கேட்டால், பார்க்கத்தான் போனேன்.

புதுமடத்து வண்டிகள் வந்தன. வாசலில் ஆண்பிள்ளையைப் பார்த்ததும் ஆமினா லாத்தா, “தாரோகா எங்கன?” என்று கேட்டாள். நான் ரோட்டோரத்தில் நிற்பதைப் பார்த்தாள். வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டாள். மற்றவர்கள் உள்ளே போனார்கள். அவர்களையும் நான் குறை சொல்வேன். என் முடியைப் பிடித்து இழுத்தவள் ஒருத்தி, என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள். அவள் பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது.

கடைசியாகச் செல்லத்தாயி வண்டி வந்தது. கையில் துணி சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். பிறகு நேராக மானேஜர் நாற்காலிக்குப் போனாள். சுற்றி ஆண்கள் கூட்டம், அவள் வீட்டுக் கணக்கப்பிள்ளையும் அதில் நின்றான். கைத்துணியை அவிழ்த்தாள்.

“அன்னைக்குச் சூடம் காட்டுனது நான். இந்தா, கை. அவளை ஏன் நிறுத்துனீக?”

இந்த வார்த்தைக்குத்தானே காத்திருந்தேன். மானேஜர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவள் கையைப் பார்த்தார்.

“அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான தாயி” என்றார் சாதாரணமாக. “படம் போட்டாச்சு, உள்ள போங்க.”

தெரிந்ததுதானாம். அதிகாரிக்கும் தெரிந்திருக்கும். உண்மை தெரியாமல் என்னை நிறுத்தவில்லை. தெரிந்துகொண்டேதான் நிறுத்தினார்கள். செல்லத்தாயி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை, மெதுவாக உள்ளே போனாள். கணக்கப்பிள்ளை அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

பரமன் ஆண்பிள்ளை, பெண்கள் பக்கத்துக்குள்ளே உட்கார முடியாது. அதனால் தகரக் கதவை இழுத்துச் சாத்தி, நாதாங்கி போட்டு, வெளியிலிருந்து பூட்டினான். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு ஆண்கள் பக்கத்துக்குப் படம் பார்க்கப் போனான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெண்களும் பிள்ளைகளும் தகரப் பெட்டிக்குள்ளே. சாவி எங்கேயோ. நான் ரோட்டைக் கடந்து போய்க் கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.

இரண்டாவது ரீலோ மூன்றாவதோ, பிலிம் சிக்கி நின்றுவிட்டது. நின்றால் அந்த விளக்குச் சூட்டில் பிலிம் பொசுங்கும், திரையில் பழுப்பாக ஓர் ஓட்டை விழுந்து விரியும். அடிக்கடி நடப்பதுதான், ஆபரேட்டர் விளக்கை அணைத்தால் முடிந்தது. ஆனால் உள்ளே இருந்தவர்கள் ஒரு தீயைப் பார்த்தவர்கள். இந்த முறை யாரும் கும்பிடவில்லை. “தீ! தீ!” என்று ஒரே அலறல். மொத்தக் கூட்டமும் வாசலுக்கு ஓடிவந்து தகரத்தில் மோதியது. கதவு வெளியே உப்பியது, திறக்கவில்லை. பிள்ளைகள் நசுங்கி அழுகிற சத்தம் கேட்டது. “கதவைத் தொறங்க! ஏ லூர்து! லூர்து!” என்று ஒரு குரல். நான் வெளியே இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. பழக்கத்தில் கூப்பிடுகிறாள்.

“பரமா! சாவி!” என்று கத்தினேன். ஆண்கள் பக்கத்துச் சத்தத்தில் அவன் எங்கே கேட்பான்? எஞ்சின் ஷெட் ஓரம், எஞ்சினுக்கு முட்டுக் கொடுக்கக் கருங்கல் கிடந்தது. இரண்டு கையாலும் ஒன்றைத் தூக்கிவந்து பூட்டில் போட்டேன். மறுபடியும் போட்டேன். நாதாங்கி தெறித்தது. கதவு திறந்த வேகத்தில் நான் ஒரு பக்கம் விழுந்தேன். என்னைத் தாண்டி அத்தனை பேரும் ரோட்டுக்கு ஓடினார்கள். செல்லத்தாயி யாருடைய பிள்ளையையோ தூக்கிக்கொண்டு வந்தாள்.

விளக்குப் போட்டார்கள். தீயும் இல்லை, ஒன்றும் இல்லை. மானேஜர் வந்தார். உடைந்த பூட்டைக் குனிந்து பார்த்தார். அவர் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

“கம்பெனிப் பூட்டை உடைச்சது யாரு? இப்ப எனக்குத் தெரியணும்! யாரு உடைச்சது?”

ஆபரேட்டர் பார்த்தார், முத்தையா அண்ணன் பார்த்தார், ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரோட்டில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து அந்தக் கருங்கல்லைத் திரும்பவும் தூக்கினேன்.

“நான்தான் உடைச்சேன்” என்றேன். “சூடம் காட்டுனது நான் இல்ல, அதை என் பேருல எழுதுனீக. பூட்டை உடைச்சது நான். இதையும் என் பேருல எழுதுங்க. அந்தோணி பெஞ்சாதி லூர்தம்மா, பெண்கள் பக்கத்து வாசற்காரி. எழுதுங்க.”

அவர் ஒன்றும் எழுதவில்லை. நான் கல்லைக் கீழே போடாமல் நின்றேன்.